சொந்தமாகக் கார் கட்டி ஜெயித்தவர் – புரூஸ் மெக்லாரன்

இன்றைக்கு நம் வீட்டுப் பிள்ளைகளிடம் மெக்லாரன் என்று சொல்லிப் பாருங்கள். அது ஒரு காரின் பெயர் என்பார்கள். விலை எத்தனை கோடி, எத்தனை நொடியில் நூறைத் தொடும் என்று கடகடவென ஒப்பிப்பார்கள். அது ஒரு மனிதரின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது. அந்த மனிதர் நம்மில் பலரைப் போல ஒரு இன்ஜினியரிங் மாணவர். ஆனால் படிப்பை முடிக்கவில்லை. ஒரு கால் கொஞ்சம் குட்டை. கம்பெனி ஆரம்பித்தபோது கிடைத்த இடம் ஒரு இருட்டுக் கொட்டகை. 32 வயதில் போய்ச் சேர்ந்தும்விட்டார். அவர் போய் அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அவர் தொடங்கிய அணி இன்னும் பந்தயத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. இது எப்படி நடந்தது? நம் மலரின் வாசகர்களில் பாதிப் பேர் பட்டறையில் கை அழுக்கானவர்கள் என்பதால், இந்தக் கதை இங்கே சொல்லத் தக்கது என்று நினைக்கிறேன்.

பெட்ரோல் பங்க் வீட்டுப் பையன்

புரூஸ் பிறந்தது நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், 1937 ஆகஸ்ட் 30ஆம் தேதி. அப்பா லெஸ் மெக்லாரன், ரெமுவேரா என்ற பகுதியில் பெட்ரோல் பங்கும் அதோடு சேர்ந்த பட்டறையும் வைத்திருந்தவர். பையன் வளர்ந்தது கிரீஸ் வாசனைக்கும் ஸ்பானர் சத்தத்துக்கும் நடுவில்தான்.

9 வயதில் ஒரு இடி விழுந்தது. இடது இடுப்பு மூட்டில் பெர்த்தீஸ் என்ற நோய். தொடை எலும்பின் தலைப் பகுதிக்கு ரத்தம் சரியாகப் போகாமல் அது நொறுங்கத் தொடங்கும் வியாதி. அந்தக் காலத்தில் அதற்கு ஒரே வைத்தியம், காலில் பாரமே விழாமல் படுக்க வைப்பதுதான். டாகபுனா என்ற ஊரிலிருந்த வில்சன் இல்லத்தில் சேர்த்தார்கள். சட்டத்தில் கட்டிப் போட்டபடி சுமார் 2 வருஷம் படுக்கை. ஓடி ஆடுகிற வயதில் ஒரு பையன் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். நோய் குணமானது. ஆனால் இடது கால் குட்டையாக நின்றுவிட்டது. கடைசி வரை லேசாகச் சாய்ந்துதான் நடந்தார். உலகத்தின் மிக வேகமான வண்டிகளை ஓட்டிய மனிதர், வண்டியிலிருந்து இறங்கினால் நொண்டி நடப்பார்!

அப்பா ஒரு பழைய ஆஸ்டின் 7 அல்ஸ்டர் கார் வாங்கி வந்தார். 1929ஆம் வருஷத்து வண்டி. வந்தது காராக இல்லை. கழற்றிப் போட்ட உதிரிகளாக. சரி பண்ணி விற்றுவிடலாம் என்பது அப்பாவின் கணக்கு. பையன் விடவில்லை. இருவருமாகச் சேர்ந்து அதைப் பூட்டி முடித்தார்கள். இன்ஜின் 750 சி.சி.க்கும் குறைவுதான். அதை எடுத்துக்கொண்டு 14 வயதிலேயே முரிவாய் கடற்கரைப் பக்கம் நடந்த மலையேற்றப் போட்டியில் புரூஸ் இறங்கினார். அந்தச் சின்ன வண்டியில்தான் இன்ஜினை எவ்வளவு முறுக்கினால் எது உடையும் என்று கற்றுக்கொண்டார். உடைத்துக் கற்றுக்கொண்டார் என்பதுதான் சரி.

பிறகு ஆக்லாந்து பல்கலைக்கழகக் கல்லூரியில் இன்ஜினியரிங் சேர்ந்தார். அப்போது அந்தப் பொறியியல் பிரிவு நகருக்கு வெளியே ஆர்ட்மோர் விமானத்தளத்தில் நடந்தது. நியூசிலாந்து கிராண்ட் பிரி பந்தயம் ஓடியதும் அதே ஆர்ட்மோர் ஓடுதளத்தில்தான். வகுப்பு ஒரு பக்கம், ரேஸ் மறுபக்கம்! எது ஜெயித்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

கூப்பர் கம்பெனியின் சின்னப் பையன்

ஆஸ்திரேலிய வீரர் ஜாக் பிராபம், நியூசிலாந்துக்கு ரேஸ் ஓட்ட வரும்போது மெக்லாரன் குடும்பத்துக்குப் பழக்கமானார். அவரிடமிருந்து புரூஸுக்கு ஒரு கூப்பர் கார் கிடைத்தது. 1958இல் நியூசிலாந்தின் பந்தயச் சங்கம், ஒரு திறமையான இளைஞரை ஐரோப்பாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்து, அந்த முதல் வாய்ப்பை 20 வயது புரூஸுக்குக் கொடுத்தது. படிப்பை நிறுத்திவிட்டுக் கப்பல் ஏறினார்.

அந்த வருஷமே ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ஓடுதளத்தில் பெரிய வண்டிகளும் சின்ன வண்டிகளும் ஒன்றாக ஓடிய கிராண்ட் பிரியில், ஃபார்முலா டூ வகை வண்டியில் தன் பிரிவில் முதலாவதாக வந்தார். மொத்தக் கணக்கில் ஐந்தாவது. யாருப்பா இந்தப் பையன் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். 1959இல் கூப்பர் அணியில் பிராபமுக்கு ஜோடியாக இடம் கிடைத்தது.

கூப்பர் என்பது லண்டனுக்குப் பக்கத்தில் சர்பிட்டன் என்ற ஊரில் அப்பாவும் மகனுமாக நடத்திய சின்னக் கம்பெனி. ஃபெராரி போன்ற பெரிய இடங்களெல்லாம் இன்ஜினை முன்னால் வைத்துக்கொண்டிருந்தபோது, இவர்கள் ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தார்கள். வண்டி தாழ்ந்தது, எடை குறைந்தது, வளைவில் சட்டென்று திரும்பியது. இரண்டே வருஷத்தில் மற்றவர்கள் எல்லோரும் அந்த வழிக்கு வந்துவிட்டார்கள். பணம் குறைவானவனும் சரியான யோசனை இருந்தால் பெரியவனை ஜெயிக்கலாம் என்ற பாடத்தைப் புரூஸ் அங்கேதான் படித்தார்.

1959 டிசம்பர் 12. அமெரிக்காவின் செப்ரிங். அதுவும் யுத்தகால விமானத்தளம்தான். நம் சோழவரத்தில் ரேஸ் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மனதில் வரும். கடைசிச் சுற்றில் பிராபம் முன்னால், புரூஸ் பின்னால். முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்பு பிராபமின் வண்டியில் பெட்ரோல் தீர்ந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் புரூஸ் வேகத்தைக் குறைத்தார். போ, போ என்று பிராபம் கைகாட்டினார். பின்னால் டிரிண்டினான் விரட்டிக்கொண்டு வந்தார். ஒரு நொடிக்கும் குறைவான வித்தியாசத்தில் புரூஸ் ஜெயித்தார். பிராபம் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து நாலாவது இடம் பிடித்து, உலக சாம்பியனும் ஆனார். அன்று புரூஸுக்கு வயது 22. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஜெயித்த மிக இளைய வீரர் என்ற அவருடைய பெயர், 2003இல் ஃபெர்னாண்டோ அலோன்சோ ஹங்கேரியில் ஜெயிக்கும் வரை நிலைத்தது.

1960இல் அர்ஜென்டினா கிராண்ட் பிரியில் வெற்றி. அந்த வருஷ உலகப் போட்டியில் பிராபமுக்கு அடுத்த இரண்டாம் இடம். 1962இல் மொனாக்கோவில் வெற்றி. பிராபம் கூப்பரை விட்டுப் போய்ச் சொந்தமாக வண்டி கட்ட ஆரம்பித்திருந்தார். அணியின் முதல் ஓட்டுநர் இப்போது புரூஸ். இன்னொருவராக இருந்தால் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார்.

இருட்டுக் கொட்டகை

1963 செப்டம்பரில் தன் பெயரிலேயே ஒரு கம்பெனியைப் பதிவு செய்தார். முதல் பட்டறை நியூ மால்டன் என்ற இடத்தில் ஒரு கொட்டகை. சாலை போடும் இயந்திரம் ஒன்றும் அதற்குள்ளேயே நின்றது. கூட இருந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர். அமெரிக்காவிலிருந்து வந்த வக்கீல் டெடி மேயர் கணக்கு வழக்குகளைக் கவனித்தார். டைலர் அலெக்சாண்டர், வாலி வில்மட் போன்ற மெக்கானிக்குகள் ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்தார்கள்.

ஆரம்பமே துக்கத்தோடுதான். 1964இன் தொடக்கத்தில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஓடுதளங்களில் நடந்த டாஸ்மன் தொடரில் இவர்கள் கலந்துகொண்டார்கள். தொடரைப் புரூஸ் ஜெயித்தார். ஆனால் டாஸ்மேனியாவின் லாங்ஃபோர்டில் நடந்த பயிற்சியில், அணியின் இன்னொரு ஓட்டுநரான டிம்மி மேயர் இறந்துபோனார். டெடியின் தம்பி அவர். வயது 26. அந்த மரணத்தைப் பற்றிப் புரூஸ் எழுதியதைப் பின்னாளில் எல்லோரும் நினைவு கூர்ந்தார்கள். வாழ்ந்த வருஷத்தை மட்டும் வைத்து ஒருவனை அளக்கக் கூடாது, செய்து முடித்ததை வைத்து அளக்க வேண்டும் என்ற பொருளில் எழுதினார். தம்பியைப் பறிகொடுத்த டெடி மேயர் கம்பெனியை விட்டுப் போகவில்லை. இதை நாம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் முடிவில் இது தேவைப்படும்.

முதலில் ஸெரெக்ஸ் ஸ்பெஷல் என்ற ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, வெட்டி ஒட்டி, ஓல்ட்ஸ்மொபில் வி8 இன்ஜினைப் பூட்டி ஓட்டினார்கள். அதில் கற்றதை வைத்து 1964லேயே எம்1ஏ என்ற முதல் சொந்த ஸ்போர்ட்ஸ் காரைக் கட்டினார்கள். வண்டி நன்றாக ஓடியதும் எங்களுக்கும் வேண்டும் என்று ஆட்கள் வந்தார்கள். ட்ரோஜன் என்ற கம்பெனி அதைத் தயாரித்து விற்றது. ஜெயிக்கிற வண்டியை விற்று, அந்தப் பணத்தில் அடுத்த வண்டியைக் கட்டுவது என்ற நல்ல வியாபாரப் புத்தி.

ஆடிய மூடி சொன்ன பாடம்

இவர் எப்படிப்பட்ட இன்ஜினியர் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். ஒரு சோதனை ஓட்டத்தில், வண்டியின் முன்புறத்தில் இருந்த ஒரு சின்ன மூடி வேகத்தில் படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. பூட்டாமல் விட்ட மெக்கானிக்கை இரண்டு வார்த்தை திட்டுவதுதான் வழக்கம். புரூஸுக்குக் கோபத்தைவிடச் சந்தேகம்தான் வந்தது. வேகம் கூடினால் மேலிருந்து வரும் காற்று அந்த மூடியை அமுக்கத்தானே வேண்டும்? அது ஏன் எழும்புகிறது? அப்படியானால் மூடிக்கு மேலே அழுத்தம் குறைவு, கீழே அதிகம். ரேடியேட்டருக்குள் புகுந்த காற்று வெளியேற வழி தெரியாமல் உள்ளே முட்டிக்கொண்டிருக்கிறது!

உடனே வண்டியை உள்ளே கொண்டு வந்தார். தகரம் வெட்டும் கத்திரியை எடுத்து, அழகாக இருந்த முன்மூக்கில் ரேடியேட்டருக்குப் பின்னால் ஓட்டை போட்டுவிட்டார். திரும்பப் போய் ஓட்டினால் வண்டி முன்னைவிட வேகம். நம்ம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் வகுப்பில் பெர்னூலியைக் கரும்பலகையில் பார்த்தோம். அவர் அதை ஒரு ஆடும் மூடியில் பார்த்தார். வண்டி சொல்வதைக் கேட்கிற காது அது.

1966இல் முதல் ஃபார்முலா ஒன் கார், எம்2பி. வடிவமைத்தவர் ராபின் ஹெர்ட். கான்கார்ட் விமானத்துக்கான ஆய்வில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இளைஞர். இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பால்சா மரத்தை ஒட்டிய, விமானத்துக்கான மாலைட் என்ற பொருளைக் காரின் உடலுக்குக் கொண்டுவந்தார். உடல் கெட்டியாக இருந்தது. இன்ஜின்தான் சொதப்பியது. அமெரிக்க இண்டியானாபொலிஸ் பந்தயத்துக்கான ஃபோர்டு இன்ஜினைச் சிறிதாக்கிப் போட்டார்கள். சத்தம் அதிகம், எடை அதிகம், சக்தி குறைவு. மொனாக்கோவில் முதல் பந்தயம், 9 சுற்றில் எண்ணெய் ஒழுகி நின்றது. இத்தாலியின் செரெனிசிமா இன்ஜினைப் போட்டு, பிரிட்டனில் ஆறாவதாக வந்து ஒரே ஒரு புள்ளி எடுத்தார்கள்.

அதே 1966 ஜூனில், சக நாட்டவர் கிறிஸ் ஏமனோடு சேர்ந்து ஃபோர்டு காரில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தைப் புரூஸ் ஜெயித்தார். உலகமே பேசியது. ஆனால் அது ஃபோர்டு கம்பெனியின் கார். தன் காரில் ஜெயிக்க வேண்டும் என்ற கணக்கு இன்னும் பாக்கி.

பப்பாளி நிறம்

அமெரிக்காவிலும் கனடாவிலும் கேன்-ஆம் என்ற ஸ்போர்ட்ஸ் கார் தொடர் நடந்தது. இன்ஜின் அளவுக்கு உச்சவரம்பே கிடையாது. பரிசுப் பணமும் தாராளம். 1967இல் எம்6ஏ வண்டியோடு மெக்லாரன் அணி இறங்கியது. வண்டிக்கு நல்ல பழுத்த பப்பாளிப் பழத்தின் நிறம். பந்தயத்துக்கு முன்பு மாதக்கணக்கில் சோதனை செய்து, உடைய வேண்டியதையெல்லாம் முன்கூட்டியே உடைத்துப் பார்த்துத் திருத்திக்கொண்டு போனார்கள். மற்ற அணிகள் ரேஸுக்கு வந்துதான் தங்கள் வண்டியின் குறைகளைக் கண்டுபிடித்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

1967இல் புரூஸ் சாம்பியன். 1968இல் அவருடைய நண்பரும் நாட்டவருமான டெனி ஹல்ம். 1969இல் மறுபடியும் புரூஸ். அந்த 1969இல் நடந்த 11 பந்தயங்களில் 11ஐயும் இந்த இரண்டு பேரே பங்கு போட்டுக்கொண்டார்கள்! புரூஸுக்கு 6, டெனிக்கு 5. அடுத்தவனுக்கு ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை.

ஃபார்முலா ஒன்னிலும் கணக்கு தீர்ந்தது. 1968இல் காஸ்வொர்த் இன்ஜின் கிடைத்தது, எம்7ஏ பிறந்தது. ஜூன் 9, பெல்ஜியத்தின் ஸ்பா ஓடுதளம். முன்னால் போய்க்கொண்டிருந்த ஜாக்கி ஸ்டீவர்ட், ஒரே ஒரு சுற்று பாக்கி இருக்கும்போது பெட்ரோலுக்காக உள்ளே போக வேண்டியதாயிற்று. புரூஸுக்கு அது தெரியாது. இரண்டாவதாக வந்தோம் என்று நினைத்துக்கொண்டே கோட்டைத் தாண்டினார். வண்டியை நிறுத்திய பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்தது, ஜெயித்தது தான் என்று. 1959இல் அடுத்தவர் பெட்ரோல் தீர்ந்து முதல் வெற்றி. 1968இல் அதே மாதிரி தன் காரில் முதல் வெற்றி! தான் கட்டிய வண்டியைத் தானே ஓட்டி உலகப் போட்டிப் பந்தயம் ஜெயித்தவர்கள் மூன்றே பேர்: 1966இல் பிராபம், 1967இல் டான் கர்னி, 1968இல் மெக்லாரன். அதற்குப் பிறகு யாரும் இல்லை. 1969 உலகப் போட்டியில் புரூஸ் மூன்றாவது இடம் பிடித்தார்.

குட்வுட்

1970ஆம் வருஷம். ஃபார்முலா ஒன், கேன்-ஆம், இண்டியானாபொலிஸ் என்று மூன்று பக்கமும் வேலை. சாலையில் ஓட்ட ஒரு ஸ்போர்ட்ஸ் கார் விற்கும் ஆசையில், அதன் மாதிரி வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்துபோனார். மே மாதம் இண்டியானாபொலிஸில் டெனி ஹல்மின் வண்டி தீப்பிடித்து, அவர் கைகள் வெந்துபோயின. ஆகவே புதிய கேன்-ஆம் வண்டி எம்8டியைச் சோதிக்கும் வேலையில் பெரும்பகுதி புரூஸ் தலையில்.

அந்த வருஷம் கேன்-ஆம் விதிகளில் ஒரு மாற்றம். வண்டிக்கு மேலே உயரக் கம்புகளில் நிற்கும் இறக்கைகளைத் தடை செய்துவிட்டார்கள். அதனால் எம்8டியில் இறக்கையைத் தாழ்வாக, பின்பக்க மேல்கூட்டோடு சேர்த்தே வைத்தார்கள். காற்றைப் பிடித்து வண்டியைத் தரையோடு அமுக்கும் வேலை அந்த இறக்கையினுடையது. கூடு இருந்தால் பிடிமானம் இருக்கும். கூடு போனால் அதுவும் போகும்.

ஜூன் 2ஆம் தேதி. இங்கிலாந்தின் குட்வுட் ஓடுதளம். நேர்ப்பாதையில் முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது பின்பக்கக் கூடு கழன்று பறந்தது. வண்டி சுழன்று ஓடுதளப் பணியாளர்களுக்கான மேடையில் மோதியது. புரூஸ் அங்கேயே இறந்துபோனார். வயது 32. மனைவியும் 4 வயது மகளும் வீட்டில்.

ஒரு காலத்தில் ஆடிய மூடி அவருக்குப் பாடம் சொன்னது. இந்த முறை கழன்ற கூடு யோசிக்க ஒரு நொடிகூடக் கொடுக்கவில்லை. நம் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புரியும். பெரிய இன்ஜின் செய்யும் கேட்டைவிட, ஒரு சின்னப் பூட்டு செய்யும் கேடு சில சமயம் பெரிது. அவர் கவனமில்லாத மனிதர் அல்லர். அந்த அணியைவிட அதிகம் சோதித்தவர்கள் அன்று இல்லை. சோதனை செய்யத்தான் அன்றைக்கும் போனார். அடுத்தவன் ஓட்டுவதற்கு முன்னால் தான் ஓட்டிப் பார்ப்பது என்ற வழக்கத்துக்கு அவர் கொடுத்த விலை அது.

மறுநாள் காலை

அன்றைக்கு எல்லோரும் கம்பெனி முடிந்தது என்றே நினைத்திருப்பார்கள். ஓட்டுநர் அவர், முதலாளி அவர், பெயரும் அவருடையது. டெடி மேயர் ஆட்களிடம் மறுநாள் வேலைக்கு வர வேண்டாம் என்றார். மறுநாள் காலை அத்தனை பேரும் வந்துவிட்டார்கள்.

12 நாள் கழித்து கனடாவின் மாஸ்போர்ட்டில் கேன்-ஆம் முதல் பந்தயம். பப்பாளி நிற வண்டிகள் இரண்டும் வரிசையில் நின்றன. டான் கர்னி ஒன்றை ஓட்டி ஜெயித்தார். ஆறாத கைகளில் கட்டோடு டெனி ஹல்ம் மூன்றாவதாக வந்தார். அந்த வருஷம் 10 பந்தயங்களில் 9ஐ அணி ஜெயித்தது, சாம்பியன் டெனி. தம்பியை இழந்த டெடி மேயர்தான் பல வருஷம் கம்பெனியை நடத்தினார். 1974இல் எமர்சன் ஃபிட்டிபால்டி மூலமாக முதல் உலக சாம்பியன் பட்டமும், அதே வருஷம் ஜானி ரதர்ஃபோர்டு மூலமாக இண்டியானாபொலிஸ் 500 வெற்றியும் வந்தன. 1981இல் கார்பன் ஃபைபர் உடலோடு முதன்முதலில் ஃபார்முலா ஒன் கார் கட்டியதும் இவர்களே. சென்னா, ப்ரோஸ்ட் ஜெயித்ததும் இந்தப் பெயரில்தான். 2024இல் மறுபடியும் அணிகளுக்கான உலகப் பட்டம், அதே பப்பாளி நிறத்தில்.

கூப்பர் கம்பெனி இன்று பந்தயத்தில் இல்லை. பிராபம் அணியும் மூடிப் பல வருஷமாயிற்று. டான் கர்னியின் ஈகிளும் போய்விட்டது. மெக்லாரன் மட்டும் ஏன் நின்றது? வண்டி கட்டியதால் மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தான் இல்லாவிட்டாலும் மறுநாள் காலை வேலைக்கு வரக்கூடிய ஆட்களை அவர் சேர்த்திருந்தார். ராபின் ஹெர்ட் போன்ற இளைஞனை நம்பி வரைபலகையைக் கொடுத்தார். மெக்கானிக் தப்பு செய்தால் திட்டுவதற்கு முன்னால் காரணம் தேடினார். அந்த மாதிரி ஆளிடம் வேலை பார்த்தவர்கள் அவர் போன பிறகும் அவர் பார்த்துக்கொண்டிருப்பதாகவே வேலை பார்த்தார்கள்.

இங்கிலாந்தின் வோக்கிங்கில் இருக்கும் மெக்லாரன் தலைமையகம் முழுக்கக் கண்ணாடியும் எஃகுமாக ஜொலிக்கும். கோடிக்கணக்கான மதிப்புள்ள, பட்டம் ஜெயித்த வண்டிகளை அங்கே வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். அந்த வரிசையில் ஒரு சின்ன, பழைய கார் இருக்கும். அப்பாவும் பையனுமாகப் பூட்டிய அந்த 1929ஆம் வருஷத்து ஆஸ்டின்தான் அது.